ஓசையடங்கிய பேய்க்கதைகள்

வைகையின் தென்கரையில், மதுரைக்கு மேற்கே அமைந்த எங்கள் கோச்சடையில் அய்யனார் கோயில் ஒன்றுளது. அங்கு நிற்கும் பெருங் குதிரைச் சிலைகளைக் கண்டு சிறுவர் எவரும் அஞ்சுவதில்லை. ஆயினும், அய்யனார் நள்ளிரவிற் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார் என்று கிழவியர் கூறக் கேட்ட சிறுவன், அன்றிரவு பாயிற் கிடந்தவாறே குளம்பொலிக்குச் செவி சாய்ப்பான். கண்ட குதிரை அச்சுறுத்தவில்லை. காணாத குதிரையே அச்சுறுத்துகின்றது. திரைப்படங்களுள்ளும், ஆரவாரமின்றி மெல்ல நடக்கும் பேய்க்கதைகள் நம்மைப் பிணிப்பது என்னை? அதனைச் சிறிது ஆராய்வாம்.

திடுக்கிடல் வேறு, அச்சம் வேறு. கதவு படீரென அறைபடத் துள்ளி எழுகின்றோம். மறுகணம் நாமே நகைக்கின்றோம். அது செவிக்கு நேர்ந்த அதிர்ச்சி. நெஞ்சிற் சென்று தங்குவதன்று. அச்சமோ காத்திருத்தலிற் பிறப்பது. 1963-ஆம் ஆண்டில் ராபர்ட் வைஸ் என்பார் ஆங்கிலத்தில் எடுத்த 'தி ஹாண்டிங்' என்னும் படத்தில் பேயின் உருவம் ஓரிடத்தும் காட்டப்படுவதில்லை. சுவருக்கப்பால் தட்டும் ஓசை கேட்கின்றது, மூடிய கதவு உட்புறமாக வளைகின்றது, அவ்வளவே. எஞ்சியதைக் காண்போர் தத்தம் நெஞ்சிலிருந்தே எடுத்து நிரப்பிக்கொள்கின்றனர். அவரவர் அஞ்சுவது இன்னதென்பதை அவரவரினும் நன்கறிந்த இயக்குநர் உளரோ?

இவ்வுண்மை நம்மவர்க்குப் புதிதன்று. மதுரையை எரித்த கண்ணகியின் முன் நிற்க மாட்டாது, நகரத் தெய்வமாகிய மதுராபதி அவள் பின்புறமாக வந்து தோன்றியதாகச் சிலப்பதிகாரம் கூறும். முன்னே வந்து முழங்கும் தெய்வத்தினும், பின்னே ஓசையின்றி வந்து நிற்கும் தெய்வம் படிப்போர் மனத்தில் நெடிது நிற்பதைக் காண்க.

நம் நாட்டுத் திரைப்படங்களில் இதற்குத் தக்க சான்று, அ. வின்சென்ட் என்னும் ஒளிப்பதிவாளரின் பணியாகும். 1963-இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' என்னும் படத்தில், பாழ்மாளிகை ஒன்றைக் கண்ட இளைஞனுக்கு முற்பிறப்பின் நினைவு மீள்கின்றது. கறுப்பு வெளுப்பில் அமைந்த அப்படத்தின் ஒளியும் நிழலும் வின்சென்ட் தந்தவை. அடுத்த ஆண்டே அவர் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் தாம் எழுதிய 'நீலவெளிச்சம்' என்னும் சிறுகதையை விரித்து அதற்குக் கதை அமைத்தார். சிறுகதையின் தலைவன் ஓர் எழுத்தாளன். பேய் உறைவதாக ஊரார் விலக்கிய வீட்டிற் குடிபுகுகின்றான். இறந்த பெண்ணை வெருட்ட முயலாது, அவளோடு அன்பாகப் பேசிப் பழகுகின்றான். ஓரிரவு எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைகின்றது. எண்ணெய் வாங்கி மீள்பவன், அறை முழுவதும் நீல ஒளி நிறைந்திருக்கக் காண்கின்றான். பேய் செய்தது அவ்வளவே. ஒரு விளக்கை ஏற்றிய பேய், நூறு பேரைக் கொன்ற பேயினும் நம்மை நடுங்கச் செய்கின்றது, உருகவும் செய்கின்றது.

மதுரையிற் பிறந்த கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் எடுத்த 'பீட்சா'வும் இந்நெறியை அறிந்ததே. இருண்ட மாளிகையில் தனித்து நிற்கும் ஒருவன் கையில் ஒரு சிறு மின்விளக்கு. அதன் ஒளிவட்டத்துக்கு அப்பாலுள்ள இருளையே நாம் நோக்கி இருக்கின்றோம்.

தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு நிலைக்களங்கள் கூறினார்: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். அழுகைக்கும் நான்கு கூறினார். அவற்றுள் ஒன்று இழவு. இவ்விரண்டையும் அவர் வேறு வேறாக வைப்பினும், மெல்ல நடக்கும் பேய்க்கதையில் அணங்கால் வந்த அச்சம் சிறிது சிறிதாக இழவால் வரும் அழுகையாக மாறுகின்றது. அம்மாற்றத்துக்குக் காலம் வேண்டும், அமைதி வேண்டும். விரைந்தோடும் படத்தில் அச்சம் அச்சமாகவே வந்து கழிகின்றது.

இதனை யான் நூலாற் கற்றேனல்லேன். என் பாட்டனார் மறைந்த சில நாளில், அவர்தம் கைத்தடி திண்ணையில் ஊன்றும் ஓசையை இரவிற் கேட்டதாக எண்ணி, போர்வைக்குள் ஒடுங்கினேன். கிழக் கதவொன்று காற்றில் அசைந்த ஓசை அஃதென்று பின்னர் அறிந்தேன். அறிந்தபோது ஆறுதல் பிறக்கவில்லை. மறுநாளிரவு அவ்வோசைக்காகவே விழித்திருந்தேன்.

பேய் உண்டோ இலதோ என்பது ஈண்டு வினாவன்று. இத்தகைய படங்கள் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பார், அவற்றை ஒருமுறை அமைதியாகக் கண்டு பின்னர்க் கூறுக. இறந்தாரை நாம் எத்துணை விரைவில் மறந்துவிடுகின்றோம் என்பதையே அவை நமக்கு உணர்த்துகின்றன. அச்சத்தினும் மிகுதியாக நம்மைச் சுடுவதும் அதுவே.