பிச்சையல்ல, பாக்கி!

இருபது ஆண்டு, முப்பது ஆண்டு சர்க்காருக்கு உழைத்த ஒருவன் கண்ணை மூடுகிறான். சாலையில் கல் பரப்பியவனாக இருக்கலாம். பள்ளியில் மணி அடித்தவனாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கிச் சுமந்தவனாக இருக்கலாம். அடுத்த மாதம் முதல் தேதி அவன் வீட்டுக்குச் சம்பளம் வராது. வாடகை கேட்க வீட்டுக்காரர் வருவார், பால்காரர் வருவார், கடைக்காரர் வருவார். வரவேண்டிய ஒன்று மட்டும் வராது. அதுதான் குடும்ப பென்ஷன்!

ஏன் வரவில்லை என்று கேட்க அவன் மனைவி ஆபீசுக்குப் போகிறார். பணிப்பதிவேட்டில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்கிறார்கள். அடுத்த முறை போனால், கோப்பு சென்னைக்கு, மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். அதற்கும் அடுத்த முறை, ஏதோ விளக்கம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். பணிப்பதிவேட்டை வைத்திருந்தது யார்? இறந்தவனா? இல்லை, சர்க்கார்! கையெழுத்துப் போட மறந்தது யார்? சர்க்கார் அதிகாரி! அந்த மறதிக்கு அபராதம் கட்டுவது மட்டும் அந்தக் கைம்பெண்ணா? இது எந்த ஊர் நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

கோர்ட் சொன்னது என்ன?

பென்ஷன் என்பது எசமானர் மனமிரங்கிப் போடும் பிச்சை அன்று. அது ஊழியனின் சொத்துரிமை என்று 1971-லேயே தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. 1982 டிசம்பர் 17-ந் தேதி, நகரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் அதையே மேலும் அழுத்தமாகச் சொன்னது.

சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1984 டிசம்பர் 17-ந் தேதி, மற்றொரு தீர்ப்பு வந்தது. கேரளத்தில் 1973 மே மாதம் ஓய்வு பெற்ற ஓர் ஊழியருக்கு 1975 ஆகஸ்டில்தான் பென்ஷனும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்தன. கடைசிச் சம்பளச் சான்றிதழை அவர் தரவில்லை என்று பழி அவர் தலையில் போடப்பட்டது. அதைக் கொடுக்க வேண்டியதோ கருவூல அதிகாரி! மாவட்டக் கோர்ட் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கொடு என்றது. அதையும் எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடியது சர்க்கார்! தோற்றது. ஓய்வு பெற்று இரண்டு மாதம் கடந்தால், அன்றிலிருந்து சந்தை வட்டி தந்தாக வேண்டும் என்றனர் நீதிபதிகள். 12 சதவீதம் தரவே மனம். 6 சதவீதத்தை அவர் எதிர்த்து மனுச் செய்யாததால் உயர்த்த இயலவில்லை என்றும் சொன்னார்கள். தவறு செய்த அதிகாரியிடமிருந்து அந்த நட்டத்தை வசூலிப்பது பற்றி சர்க்கார் யோசிக்கலாம் என்றும் குறிப்பிட்டார்கள்.

உயிரோடு இருந்து வழக்காடியவருக்கே இந்தக் கதி என்றால், கணவனைப் பறிகொடுத்தவர் கோர்ட்டு வாசலுக்கு எப்படிப் போவார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் குடும்ப பென்ஷன் 2016-ல் மாதம் 9,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தொகை 12 மாதம் வராமல் நின்று, மொத்தமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை குடும்பம் காற்றைக் குடித்து வாழாது. மாதா மாதம் 9,000 ரூபாய், நூற்றுக்கு 3 ரூபாய் மாத வட்டிக்குக் கடன் வாங்குகிறது. ஓராண்டு முடிவில் வட்டி மட்டும் 21,060 ரூபாய்! ஆண்டுக்கு 8 சதவீதம் நட்ட ஈடு தந்தால் கிடைப்பது 4,680 ரூபாய். 12 சதவீதமானாலும் 7,020 ரூபாய்தான். ஆகவே நட்ட ஈடு என்பது லாபம் அல்ல. பட்ட நட்டத்தில் ஒரு பங்கு.

அந்த ஒரு பங்காவது தானாக வருகிறதா? மத்திய சர்க்கார் விதிகளில் கிராஜுவிட்டி தாமதத்துக்கு வட்டி உண்டு. ஆனால் தாமதம் நிர்வாகத்தின் குற்றம் என்று தெளிவாக நிலைநாட்டப்பட வேண்டுமாம். அதை முடிவு செய்வது யார்? அதே நிர்வாகம்! குற்றவாளியே நீதிபதி!

பாங்கிகளைப் பாருங்கள். சர்க்கார் பென்ஷனை வழங்கும் பாங்கி, தன் தவறால் தாமதித்தால் ஆண்டுக்கு 8 சதவீதம் நட்ட ஈடு தரவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் ஆணை. 2008 அக்டோபர் 1 முதல் ஏற்பட்ட தாமதங்களுக்கு இது பொருந்தும். மனு வேண்டாம், கெஞ்சல் வேண்டாம், பாக்கி வரவு வைக்கும் அதே நாளில் நட்ட ஈடும் கணக்கில் ஏறவேண்டும். பாங்கிக்கு ஒரு நீதி, சர்க்கார் ஆபீசுக்கு ஒரு நீதியா?

நாம் கேட்பது

ஆள் பற்றாக்குறை என்று சமாதானம் சொல்வார்கள். கோப்புக் கட்டுகளுக்கு நடுவே முதுகொடியும் குமாஸ்தாவும் நம் தோழரே. அவர்மீது நமக்குப் பகை இல்லை. காலியிடத்தை நிரப்பாதது ஆள்வோரின் பொறுப்பு. அந்தக் குறையை ஈடுகட்டுவது கைம்பெண்ணின் பொறுப்பல்ல.

இறந்த மாதத்திலிருந்தே இடைக்கால பென்ஷன் கொடு! இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி நின்றால், மனு கேட்காமல் வட்டியையும் சேர்த்துக் கொடு! வேண்டுமென்றே கோப்பை முடக்கியவரிடம் அதை வசூல் செய்! இவ்வளவுதான் நாம் கேட்பது.

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உயிரோடு இருக்கும்போதே உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். குடும்பத்தார் பெயர், பிறந்த தேதி, நியமன விவரம் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். கூட வேலை செய்தவர் மறைந்தால் மலர் வளையத்தோடு திரும்பிவிடாதீர்கள். அந்த அம்மையாரோடு ஆபீசுக்கு நடங்கள். கொடுத்த மனுவுக்குத் தேதி முத்திரையோடு ரசீது வாங்குங்கள். தாமதம் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி.

உழைத்தவன் இறந்துவிட்டான், அவன் உழைப்பின் கணக்கு இறந்துவிடவில்லை. அதைத் தீர்ப்பது தயவு அல்ல, கடமை!