குளக்கரையில் ஒரு மணி நேரம்

“குளிராக இருக்கிறது, மழை பெய்கிறது, நேரமில்லை.” நடைப்பயிற்சி பற்றி வைத்தியர் கேட்கும்போது நாம் சொல்லும் பதில்கள் இவைதான். ஊரில் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்து திரிந்த நாம், இங்கே வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்குமே நடக்கிறோம்.

இதன் விலை நீரிழிவு. எம்மைப் போன்ற தெற்காசியருக்கு அது இளவயதிலேயே, அதிக பருமன் இல்லாமலே வரக்கூடியது. வெள்ளையருக்கு உடல் நிறைச் சுட்டெண் 25 இல் தொடங்கும் எச்சரிக்கை எமக்கு 23 இலேயே தொடங்குவது இதனால்தான்.

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களின் உடலிலும் இது நடக்கும். கிழமைக்கு 150 நிமிடங்கள் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுதான் சரியான வேகம்.

மேற்கு லண்டனில் இதற்கு நல்லதோர் இடம் றைஸ்லிப் லீடோ. கால்வாய்க்கு நீர் வழங்க 1811 இல் கட்டப்பட்ட இந்த நீர்த்தேக்கம் 1933 இல் பொழுதுபோக்கிடமானது. அதையொட்டிய றைஸ்லிப் காடு 1997 இல் தேசிய இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. ஓக் மரங்களும் ஹோர்ன்பீம் மரங்களும் நிறைந்த காட்டில், வசந்த காலத்தில் புளூபெல் பூக்கள் நிலத்தை நீலமாக்கும். மெட்ரோபொலிட்டன் ரயிலில் றைஸ்லிப் வந்து, எச் 13 பேருந்தில் லீடோ போகலாம்.

குளத்தைச் சாதாரண நடையில் ஒரு மணி நேரத்திற்குள் சுற்றலாம். பாதை பெரும்பாலும் சமதரையானது. முழங்கால் வலியுள்ள அம்மம்மா, தாத்தாமார் பாதித் தூரம் நடந்து, சின்ன ரயில் ஓடும் நாட்களில் அதில் திரும்பலாம். பழகியவர்கள் காட்டுக்குள்ளும் போகலாம். மழைக்குப் பின் அங்கே சேறு அதிகம். சேலைச் செருப்பு உதவாது, நல்ல சப்பாத்து வேண்டும்.

சில கவனங்கள்:

• இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் இனிப்பு வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை வந்தால் உடனே நின்று அதைச் சாப்பிடுங்கள். தனியே போகவேண்டாம்.

• நெஞ்சு இறுகினால் நடையை நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் 999 ஐ அழையுங்கள்.

• காட்டில் நீளக் காற்சட்டை அணியுங்கள். வீடு வந்ததும் பிள்ளைகளின் உடலில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடித்த பின் வட்டமாகச் சிவந்து பரவினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

• மே முதல் ஜூலை வரை ஓக் மரங்களில் வரிசையாக ஊரும் மயிர்க்கொட்டிகளைத் தொடவேண்டாம். கடுமையாக அரிக்கும்.

• குளத்தில் நீந்த அனுமதியில்லை.

வெயிலில் நடப்பதால் விற்றமின் டி கிடைக்கும். ஆனால் ஒக்டோபர் முதல் மார்ச் வரை இந்நாட்டு வெயில் அதற்குப் போதாது. எமது நிறத்தவர்கள் வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் குளிசை எடுப்பது பற்றி யோசிக்குமாறு சுகாதாரத் துறை சொல்கிறது.

ஞாயிறு மதியம் சோறும் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டபின் சோபாவில் சாய்வது எமது வழக்கம். இரத்தத்தில் சீனி ஏறுவதும் அந்நேரம்தான். வருகிற ஞாயிறு பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போவோம். மருந்துக் குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குத் துணையாக நடப்போம் என்கிறோம்.