மலைக்குப் போகும் வண்டி ஒழுகினால்...



சென்ற கணக்கு அறிக்கையில் "நடமாடும் மருத்துவ வண்டியின் ஒழுக்கு பழுதுபார்த்த வகையில்" என்று ஒரு செலவு காட்டியிருந்தோம். அதைப் பார்த்து, "வண்டி நன்றாக ஓடுகிறதே, கூரைக்கு எதற்கு இவ்வளவு பிரயாசம்?" என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. காணிக்கை கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சபை வேன், பள்ளிக்கூடப் பஸ் வைத்திருக்கிறவர்களுக்கும் பிரயோஜனமாக இருக்கும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

வண்டி எப்படிப்பட்டது?

நோயாளி இருக்கும் இடத்துக்கே மருத்துவர் போகவேண்டும் என்பது நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகளில் பழைய வழக்கம். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-லேயே மோட்டார் வண்டியில் போய்ச் சாலையோர மருத்துவம் செய்தவர். எங்கள் வண்டியும் அந்த வழியில் வந்ததுதான். பின்புறத்தில் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பெட்டி. அதற்குள் பரிசோதனைக் கட்டில், மருந்து அலமாரி, தடுப்பூசிக்கான குளிர்சாதனப் பெட்டி, கை கழுவும் தொட்டி, 100 லிட்டர் தண்ணீர் டாங்க், சிறு மோட்டார், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் அடக்கம். மேல்நாடுகளில் குடும்பத்தோடு தங்கிப் பிரயாணம் செய்யும் வீட்டு வண்டிகளும், சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் கேரவன்களும், 2021-ல் கேரள அரசு சுற்றுலாவுக்காக அறிவித்த கேரவன்களும் அமைப்பில் இதே ஜாதிதான். எல்லாவற்றுக்கும் பொதுவான வியாதி ஒழுக்கு.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணைப் பக்கம் கடந்து, வளைவு வளைவாக மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களில் பலர் இன்னும் உள்ளே தள்ளி, சிறு சிறு ஊர்களில் இருக்கிறார்கள். வண்டி நிற்கும் இடத்துக்கு அவர்கள் காட்டுப்பாதையில் நடந்து வருகிறார்கள்.

ஒழுகினால் என்ன நஷ்டம்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். எங்கள் வண்டிக் கூரை 12 சதுர மீட்டர். ஐப்பசி கார்த்திகையில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் கூரையின்மேல் 600 லிட்டர் விழுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தாலும் 6 லிட்டர், அதாவது அரைக் குடம். மாத்திரைப் பெட்டிகளையும், உப்பு சர்க்கரைக் கரைசல் பொடியையும், நோயாளிகளின் அட்டைகளையும் கெடுக்க அவ்வளவே போதும்.

கடந்த வடகிழக்குப் பருவமழையின்போது அதைவிடப் பெரிய நஷ்டம் ஏற்பட்டது. இரவு மழையில் இன்வெர்ட்டர் நனைந்து, குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனது. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி சூட்டுக்குள் இருக்கவேண்டும். காலையில் வெப்பமானி அதைத் தாண்டிக் காட்டியது. "இதைப் பிள்ளைகளுக்குப் போட முடியாது" என்று எங்கள் செவிலியர் சொல்லிவிட்டார்; சரியாகத்தான் சொன்னார். கைக்குழந்தைகளோடு விடியுமுன் புறப்பட்டு வந்திருந்த தாய்மார் ஊசி போடாமலே திரும்பினார்கள். மறுவாரம் நாங்கள் போனபோது எல்லாரும் வரவில்லை. அவர்களை ஊர் ஊராகத் தேடிப் போகவேண்டியதாயிற்று.

ஏன் ஒழுகுகிறது?

முதல் காரணம் வெயில். கூரைத் தகடு அலுமினியம், சட்டம் இரும்பு. 6 மீட்டர் அலுமினியத் தகடு 30 டிகிரி சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு சுமார் 2 மில்லிமீட்டர்தான் நீளும். இப்படி ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் தினந்தோறும் நீண்டு சுருங்குவதால், இரண்டையும் பிணைக்கும் ரிவிட்டுகள் தளர்கின்றன. இணைப்பில் பூசிய சீலன்ட் விரிசல் விடுகிறது.

இரண்டாவது, மலைப்பாதையின் குலுக்கலும் முறுக்கலும். வளைவில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது பெட்டி முழுவதும் முறுங்கும். மூன்றாவது, நாமே போடும் துளைகள். காற்றுப்போக்கி, கூரை விளக்கு, வயர் உள்ளே வரும் இடம் ஆகிய ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாசல்.

மழைநீரா, டாங்க் நீரா?

எதையும் பிரிப்பதற்கு முன் இதைத் தீர்மானிக்க வேண்டும். வெயில் காலத்திலும் தரை ஈரமாக இருந்தால் சந்தேகம் டாங்க் பக்கம். டாங்கை நிரப்பி, குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, மோட்டாரை இயக்கத்தில் விடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது நின்றுவிட வேண்டும். யாரும் தண்ணீர் பிடிக்காதபோது அவ்வப்போது தானாகவே ஓடி நின்றால், மோட்டாருக்குப் பிந்திய குழாயில் எங்கோ கசிகிறது என்று பொருள். சில சமயம் மோட்டாருக்குள் இருக்கும் வால்வு தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய காகிதத்தைச் சுற்றி வைத்தால் கசியும் இடத்தில் அது நனைந்து காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் கிளிப்பை இறுக்குவதோடு அல்லது வாஷரை மாற்றுவதோடு வேலை முடியும். கழிவுக் குழாயில் அழுத்தம் இல்லாததால் அது மோட்டார் சோதனையில் தெரியாது. தொட்டியை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு அடியில் பார்க்க வேண்டும்.

காலையில் மட்டும் கூரையின் உட்புறம் எங்கும் ஒரே சீராக வியர்த்திருந்தால் அது ஒழுக்கே அல்ல. மலையின் இரவுக் குளிரில் உள்ளிருக்கும் மூச்சுக்காற்றின் ஈரம் தகட்டில் படிந்தது. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும்.

மழைநீர் நுழையும் வாசலைத் தேடுதல்

சொட்டும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கூரைத் தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவே தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் ஓடும். ஆகவே, சொட்டும் இடத்தில் உள்ளிருந்து சீலன்ட் பூசுவது வைத்தியமல்ல; தண்ணீரை உள்ளேயே அடைத்துவைத்து மரத்தையும் இரும்பையும் அழுகவிடுவதாகும். எங்கள் வண்டியில் கட்டிலுக்கு மேலே பின்மூலையில் கறை தெரிந்தபோது, ஒரு பட்டறையில் அங்கேயே உள்ளே பூசிக் கொடுத்தார்கள். கட்டிலுக்கு மேலே சொட்டுவது நின்றது. சில வாரத்தில் தண்ணீர் பக்கச் சுவருக்குள் இறங்கி இன்வெர்ட்டரைத் தேடிப்போனது.

சரியான முறை இது. முதலில் பேட்டரி, இன்வெர்ட்டர் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள். உட்பலகையை வேண்டிய அளவு பிரித்து, ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்கட்டும். வெளியே ஒருவர் சாதாரண ஹோஸ் குழாயால், மழை போல மெதுவாக, ஒரு பகுதியில் 10 நிமிஷம் ஊற்ற வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இணைப்பையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. வண்டி கழுவும் கடையின் வேகப் பீச்சல் கூடாது. அது ஒழுகாத இடத்தையும் ஒழுகச் செய்யும்.

மருத்துவமனை முற்றத்தில் இப்படியே செய்தோம். மழையில் ஊற்றாய் வந்த இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. அப்போது எங்கள் ஓட்டுநர்தான், "ஐயா, மலையில இது மூக்கைத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கும். அப்படியே நிறுத்திப் பார்க்கலாமா?" என்றார். முன் சக்கரங்களைக் கனமான பலகைகளின்மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மறுபடி ஊற்றினோம். கூரையின் முன்பகுதியில் விளக்கு வயர் நுழையும் துளையில் தண்ணீர் பட்டதும், உள்ளே சட்டத்தின் வழியாக ஒரு கோடு பின்னோக்கி ஓடி வந்தது. துளைக்கும் கறைக்கும் நடுவே நான்கு மீட்டருக்குமேல் தூரம். சமதரையில் அந்த நீர் முன்பக்கமே தேங்கி நின்றுவிட்டிருக்கிறது. மழையில் வண்டி எப்படி நிற்குமோ அப்படி நிறுத்திச் சோதிக்கவேண்டும் என்பதை எங்களுக்கு அவரே கற்பித்தார்.

இதிலும் அகப்படாவிட்டால் இன்னொரு வழி உண்டு. கதவு ஜன்னல்களை மூடி, காற்றுப்போக்கிகளை டேப்பால் ஒட்டி, ஊதும் மின்விசிறி ஒன்றினால் உள்ளே காற்றைத் தள்ளிக்கொண்டே, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். காற்று வெளியேறும் இடத்தில் நுரை குமிழியிடும். டியூபில் பஞ்சர் பார்ப்பதைத் திருப்பிப்போட்ட மாதிரிதான்.

அடைக்கும் முறை

நுழையும் வாசலை வெளிப்புறத்திலிருந்து அடைக்க வேண்டும். பழைய சீலன்டின்மேல் புதியதைப் பூசுவது பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப்போடுகிற கதைதான். முழுவதும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே பூசவேண்டும். விளக்கு, காற்றுப்போக்கி போன்றவற்றைக் கழற்றி, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் வைத்து மறுபடி முடுக்க வேண்டும். அது கடைசிவரை இறுகிப்போகாமல் பிசினாக இருக்கும். தகட்டு இணைப்புகளுக்குப் பாலியூரிதேன் சீலன்ட் ஏற்றது. அசைவுக்கு ஈடுகொடுக்கும், மேலே பெயின்டும் அடிக்கலாம். சிலிகானைக் கூரையில் பூசிவிட்டால் பிறகு அதன்மேல் எதுவும் ஒட்டாது. எம்-சீல் போன்றவை கல்லாக இறுகுவதால் குலுக்கலில் விரிந்துவிடும். அன்றைய இரவைத் தள்ள உதவும், அவ்வளவுதான். தளர்ந்த ரிவிட்டுகளை எடுத்துவிட்டு, நுனி மூடிய ரிவிட்டுகளைச் சீலன்டில் தோய்த்து அடிக்கவேண்டும். வயர் துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, வயர் வெளியே கீழ்நோக்கி ஒருமுறை தொங்கி மேலேறி நுழையும்படி வைத்தால், வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஜன்னலில் ஒழுகினால் ரப்பரை மாற்றுமுன் கீழ்ச்சட்டத்தில் உள்ள சிறு வடிகால் துளைகளைப் பாருங்கள். புழுதியாலும் எறும்பு மண்ணாலும் அவை அடைபட்டிருந்தால் நீர் நிரம்பி உள்ளே வழியும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் சரியாகும். செலவே இல்லை.

அடைத்தபின் அவசரப்பட்டு உட்பலகையை மூடக்கூடாது. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் திறந்துவைத்து, மின்விசிறி போட்டு உலர்த்த வேண்டும். தரைப் பிளைவுட்டை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் 'டொக்' என்றும் ஊறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். ஊறியதை வெட்டி எடுத்து, தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட் போட்டு, வெட்டிய ஓரங்களுக்கும் பூச்சு கொடுக்க வேண்டும். சட்டத்தில் துரு மேலோடு இருந்தால் சுரண்டித் துத்தநாகப் பிரைமர் அடிக்கலாம். மூலை இணைப்பே துருவில் உளுத்து, குத்தினால் உள்ளே போகிறதென்றால் பூச்சுவேலையில் பணம் போடவேண்டாம். பாடி கட்டுகிறவர்களிடம் காட்டிச் சட்டத்தையே மாற்றவேண்டும். பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூர் நமக்கு வெகுதூரமில்லை.

எங்கள் வண்டிக்கு நேர்ந்தது

மேஸ்திரி குத்திப் பார்த்ததில் மூலைகள் உறுதியாக இருந்தன. இரண்டு பலகை அளவு தரையும் ஒரு சட்டத்தின் துருவும் மட்டுமே வேலை. இன்னும் இரண்டு மழைக்காலம் கவனியாமல் விட்டிருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். கைகளின் சோம்பலால் வீடு ஒழுகுவதைப்பற்றிப் பிரசங்கி 10-ஆம் அதிகாரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வண்டிக்கும் அது பொருந்தும். இப்போது வருஷத்துக்கு இருமுறை, கோடை மழைக்குப் பின்னும் புரட்டாசியிலும், கூரையின்மேல் பலகை போட்டு ஏறி ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கிறோம். இன்வெர்ட்டரைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, வேறு சுவருக்கு மாற்றிவிட்டோம். குளிர்சாதனப் பெட்டி நின்றால் உதவும்படி, ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி ஒன்றும் கூடவே போகிறது.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரிச் செலவின் கணக்கு இதுதான். ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். ஐப்பசி பிறந்ததும் வண்டி மறுபடி மழையில் மலையேறும். அப்போது எங்கள் ஓட்டுநரையும் செவிலியரையும், வழியோரம் குழந்தையோடு காத்திருக்கும் தாய்மாரையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகரும் ஊழியர்களும்