தற்காப்பை எதைக் கொண்டு அளப்பது?

காற்பந்து என்றதும் நம் மாணவர்களின் கண்முன் தோன்றுவது பந்தைக் காலால் உதைத்தாடும் ஆட்டமே. அமெரிக்காவிலோ அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். அங்கே பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிந்து பிடிப்பர். புகழ்பெற்ற பல்கலைக்கழகக் குழுக்களின் ஆட்டங்களைக் காண எண்பதாயிரம் பேருக்கு மேல் திரள்வதும் உண்டு. ஆட்டம் முடிந்த மறுநாள் அவர்கள் தவறாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "நம் தற்காப்பு நன்றாக ஆடியதா?" என்பதே அது. விடை எளிதெனத் தோன்றும். எதிரணி எடுத்த புள்ளிகளைப் பார்த்தால் போதாதா? போதாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்ட விதியைச் சுருக்கமாகக் காண்போம். தாக்கும் குழுவுக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும்; முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைக் கடந்தால் அது 'டச்டவுன்'. அதற்கு 6 புள்ளிகள். கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் அது 'ஃபீல்டு கோல்'. அதற்கு 3 புள்ளிகள். எதிரணியை 10 கெஜம் முன்னேற விடாமல் தடுப்பதே தற்காப்பாளர்களின் கடமை.

இனி இரண்டு ஆட்டங்களை ஒப்பிடுவோம்.

2006ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ரோஸ் பவுல் ஆட்டம் நடைபெற்றது. 34 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றிருந்த தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை டெக்சஸ் பல்கலைக்கழகம் எதிர்கொண்டது. டெக்சஸ் தற்காப்பு அன்று 574 கெஜங்களையும் 38 புள்ளிகளையும் விட்டுக்கொடுத்தது. ஆயினும் டெக்சஸ் 41-38 என வென்று தேசிய வெற்றியாளரானது.

2011ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அலபாமா பல்கலைக்கழகம் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. அலபாமாவின் தற்காப்பு ஒரு டச்டவுன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் கூடுதல் நேரத்தில் அலபாமா 9-6 எனத் தோற்றது. அதன் ஃபீல்டு கோல் முயற்சிகளில் நான்கு வீணானதே தோல்விக்குப் பெருங்காரணம்.

38 புள்ளி கொடுத்தவர்கள் வென்றார்கள். 9 புள்ளி மட்டுமே கொடுத்தவர்கள் தோற்றார்கள். எனவே வெற்றி தோல்வியை வைத்துத் தற்காப்பை மதிப்பிடுவது முறையன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஓர் எண் பதமாகாது. அப்படியானால் எவற்றைப் பார்க்க வேண்டும்? ரோஸ் பவுல் ஆட்டத்தையே பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, எதிரணி எங்கிருந்து தொடங்கியது? ஆட்டத் தொடக்கத்தில் தென் கலிபோர்னியா உதைத்தனுப்பிய பந்தை டெக்சஸ் ஆட்டக்காரர் நழுவவிட்டார். அதைக் கைப்பற்றிய எதிரணி ஏறத்தாழ நடுத்திடலிலிருந்தே தாக்கத் தொடங்கி 7 புள்ளிகளைப் பெற்றது. அந்தப் பழி முழுவதையும் தற்காப்பின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

இரண்டாவது, கெஜங்கள் புள்ளிகளாயினவா? முற்பாதியில் தென் கலிபோர்னியா மூன்று நல்ல வாய்ப்புகளைப் புள்ளியின்றி இழந்தது. நான்காம் முயற்சியில் ஒரே ஒரு கெஜம் தேவைப்பட்டபோது மேட் லைனர்ட் தாமே பந்துடன் பாய்ந்தார், டெக்சஸ் தடுத்துவிட்டது. பின்னர் அவர் எறிந்த பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் மைக்கல் கிரிஃபின் பறித்துக்கொண்டார். இன்னொரு முறை, 30 கெஜத்துக்கும் மேல் ஓடிய ரெஜி புஷ், பந்தைச் சக ஆட்டக்காரரிடம் வீச முயன்று இழந்தார். இடைவேளையில் தென் கலிபோர்னியா 10 புள்ளிகளோடு நின்றதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

மூன்றாவது, திறமை எது, அதிர்ஷ்டம் எது? மேலே கண்ட மூன்றில் முதலிரண்டும் தற்காப்பாளர்களின் திறமை. புஷ் இழந்த பந்தோ எதிரணி தானே செய்த பிழை. கணக்கேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே பதிவாகும். ஆனால் அடுத்த ஆட்டத்தில் திறமையை எதிர்பார்க்கலாம். அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க இயலாது.

நான்காவது, தடுப்பு எப்போது நிகழ்ந்தது? பிற்பாதியில் டெக்சஸ் தற்காப்பு தளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தென் கலிபோர்னியா நான்கு டச்டவுன்கள் எடுத்தது. லெண்டேல் வைட் அந்த ஆட்டத்தில் 20 முறை ஓடி 124 கெஜம் சேர்த்தார். அதாவது ஓர் ஓட்டத்துக்கு 6 கெஜத்துக்கும் மேல். இறுதியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எஞ்சியிருக்க, 38-33 என முன்னிலையில் இருந்த தென் கலிபோர்னியா, நான்காம் முயற்சியில் 2 கெஜத்துக்காக மீண்டும் அவரிடமே பந்தைத் தந்தது. அதைக் கடந்திருந்தால் கடிகாரத்தை ஓடவிட்டே ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு மிகுதி. அந்த ஒரு முறை டெக்சஸ் அவரை மறித்தது. பந்து கைமாறியது. 19 வினாடிகள் எஞ்சியிருந்தபோது வின்ஸ் யங் எல்லைக் கோட்டைக் கடந்து வெற்றியைப் பறித்தார்.

அப்படியானால் டெக்சஸ் தற்காப்பு நன்றாக ஆடியதா? முற்பாதியில் அது விட்டுக்கொடுத்தும் நெருக்கடியில் தாங்கியது. பிற்பாதியில் தோற்றுக்கொண்டே இருந்து, தோற்கக்கூடாத ஒரு தருணத்தில் வென்றது. 'நன்று' என்றோ 'தீது' என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பளித்தால் இவ்விரண்டில் ஒன்று மறைந்துவிடும். வென்ற குழுவின் பயிற்றுநர் பிற்பாதியை மறந்தால் அடுத்த பருவத்தில் அதே ஓட்டை மீண்டும் திறக்கும். அலபாமா தன் தோல்வியை மட்டும் பார்த்துத் தற்காப்பைக் குறை கூறியிருந்தால் நல்ல படையைக் கலைத்திருக்கும். அதே படைதான் 2012 ஜனவரி 9ஆம் நாள் தேசிய இறுதியாட்டத்தில் லூயிசியானா மாநிலக் குழுவை 92 கெஜத்துக்குள் அடக்கி, 21-0 என வெல்ல வழிவகுத்தது.

நம் திடல்களிலும் இதே அளவுகோல் பொருந்தும். மூன்று கோல் வாங்கிய குழுவின் தற்காப்பாளர்களை ஏசுவதற்கு முன், பந்து எங்கே பறிபோனது, எத்தனை முறை அவர்கள் தனித்து நின்று தடுத்தார்கள் என்று பார்ப்போம். கோல் வாங்காத குழுவைப் புகழும் முன்னும், எதிரணியின் பந்து எத்தனை முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்று எண்ணுவோம். புள்ளிப் பலகை யார் வென்றார் என்பதைச் சொல்லும்; யார் எப்படி ஆடினார் என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும்.