மாம்பழம் தண்ணி குடிக்குமா?

குடிக்கும். ஜோக் இல்ல, தெர்மோடைனமிக்ஸ்.

1999 கடைசியில அமெரிக்காவுல 13 மாநிலங்கள்ல 78 பேருக்கு சால்மொனெல்லா தொற்று வந்தது. விசாரிச்சுட்டே போனா, அது பிரேசில்ல இருந்து வந்த மாம்பழத்துல போய் நின்னுச்சு. ஏற்றுமதிக்கு முன்னாடி அந்தப் பழங்களை சுடுதண்ணியில முக்கி வெச்சிருந்தாங்க. பழ ஈயோட முட்டையையும் புழுவையும் கொல்ல அப்படி ஒரு முறை இருக்கு. பழைய புகைமருந்துக்குத் தடை வந்ததும் அதுக்கு மாற்றா வந்தது. சுடுதண்ணியில இருந்து எடுத்த பழம் சீக்கிரம் ஆறணும்னு குளிர்ந்த தண்ணித் தொட்டியில போட்டாங்க. வில்லன் அந்தத் தொட்டித் தண்ணிதான்.

சூடான பழத்துக்குள்ள காத்து இருக்கு. திடீர்னு குளிர்ந்தா அது சுருங்கும். 45 டிகிரி செல்சியஸ்ல இருந்து 25-க்கு இறங்கினா, கெல்வின் கணக்குல 318-ல இருந்து 298. அதாவது ஏறக்குறைய 6 சதவீதம் கன அளவு குறையணும். அந்த இடத்தை நிரப்ப வெளியில இருக்கிறது உள்ள வரும். பழம் தண்ணிக்குள்ள கிடந்தா, வர்றது தண்ணி. எந்த வழியா? காம்பு இருந்த இடம் வழியா. தோல்ல மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கு, தண்ணியை உள்ள விடாது. காம்புத் தழும்புல அது கிடையாது. கிருமி ஒரு தடவை உள்ள போயிட்டா, அப்புறம் வெளியில எவ்வளவு தேய்ச்சாலும் அதைத் தொட முடியாது. தக்காளியும் இதே மாதிரிதான். அதனாலதான் அங்க தக்காளி கழுவுற தொட்டித் தண்ணி, தக்காளியை விட 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 5.5 டிகிரி செல்சியஸ், கூடுதல் சூடா இருக்கணும்னு சொல்றாங்க.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வாங்க. மே மாசம். காவாங்கரை பக்கம் ஜி.என்.டி ரோட்ல ஒரு தள்ளுவண்டி. மத்தியானம் பூரா வெயில்ல கிடந்த பங்கனப்பள்ளி ரெண்டு கிலோ வாங்குறீங்க. கையில எடுத்தாலே சுடுது. வீட்டுக்கு வந்ததும் என்ன பண்றோம்? "மாம்பழம் சூடு, தண்ணியில போட்டு வை"ன்னு பாட்டி சொல்வாங்க. நேரா பக்கெட்ல போடுறோம். சில வீடுகள்ல ஐஸ் வேற. பிரேசில் தொட்டியோட சின்ன மாடல் நம்ம பாத்ரூம்ல ரெடி!

பாட்டி சொன்னது தப்புன்னு சொல்ல வரல. காம்புகிட்ட வடியுற பால் பட்டா சில பேருக்குத் தோல் அரிக்கும். குழந்தைங்களுக்கு வாயோரம் புண்ணு மாதிரி ஆகுறது பெரும்பாலும் அதனாலதான், உடம்பு சூட்டால இல்ல. ஊற வெச்சுத் தேய்ச்சா அந்தப் பால் போயிடும். அதனால ஊற வைங்க, ஆனா வரிசையை மாத்துங்க. முதல்ல பழத்தை நிழல்ல, ஃபேன் அடியில ஒரு மணி நேரம் பரப்பி வைங்க. அறை வெப்பத்துக்கு வந்த அப்புறம் தண்ணி. ஐஸ் தண்ணி வேண்டாம். ஜில்லுனு வேணும்னா கழுவித் துடைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம்.

எங்க அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு. நமக்கு ஒரு நாள் வயிறு சரியில்லைன்னா ஒரு லேப் கட் அடிப்போம், அவ்ளோதான். அந்த வயசுல வயித்துப்போக்கு வந்தா, உடம்புல இருக்கிற கொஞ்ச நீரும் சில மணி நேரத்துல வறண்டுடும். அதனாலதான் குழந்தைக்குக் கொடுக்கிற பழத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கு.

அடுத்தது தண்ணி. 1876-ல கட்டின ஏரிக்குப் பக்கத்துல குடியிருந்துட்டு, கோடையில லாரி தண்ணிக்குக் குடம் வரிசை வைக்கிறது நம்ம ஊர் ஸ்பெஷல். 2019-ல ஏரியே காய்ஞ்சதை எல்லாரும் பார்த்தோம். சுத்திகரிப்பு நிலையத்துல இருந்து தண்ணி குளோரின் போட்டுத்தான் கிளம்புது. குளோரின் போட்ட தண்ணி நம்ம குழாய்க்கு வரும்போது லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும்னு இந்தியத் தர விதி, ஐஎஸ் 10500, சொல்லுது. அதே தண்ணி சம்ப்ல, மொட்டை மாடி டேங்க்ல, மூடாத டிரம்முல ரெண்டு நாள் கிடந்தா அந்தக் குளோரின் காணாம போயிடும். அதுக்குள்ள சொம்பை விட்டு எடுத்தா, கையில இருக்கிறதும் சேர்ந்து போகும். அதனால முதல் கழுவல் எந்தத் தண்ணியில வேணா இருக்கட்டும், கடைசி அலசல் நீங்க குடிக்கிற தண்ணியிலயே இருக்கணும். பாத்திரத்துல முக்கி எடுக்கிறதை விட, மேல இருந்து ஊத்தி விரலால தேய்ச்சுக் கழுவுறது நல்லது. ஓடுற தண்ணி அழுக்கை அடிச்சுட்டுப் போகும். தேங்கின தண்ணி ஒரு பழத்து அழுக்கை மத்த பழத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும்.

சோப்பு? வேண்டவே வேண்டாம். 2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, பழ வியாபாரத்தை நம்ம மாதவரம் பஸ் டெர்மினஸுக்கு மாத்தினாங்க, ஞாபகம் இருக்கா? அந்த நேரத்துல ஆப்பிளை பாத்திரம் கழுவுற லிக்விட்ல குளிப்பாட்டின வீடுகள் நிறைய. கடைசியில, சாப்பாட்டுப் பொருள் மேல சோப்பு, கிருமிநாசினி எல்லாம் போடாதீங்கன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்ல வேண்டி வந்தது. பழத்தோட தோல் ஸ்டீல் தட்டு இல்ல. காம்புக்குழியிலயும் நுண்துளைகள்லயும் சோப்பு தங்கிடும், அது குழந்தை வயித்துக்குத்தான் போகும்.

உப்பு மஞ்சள் தண்ணி பத்தி கேட்பீங்க. நாம போடுற ஒரு ஸ்பூன் உப்பு கிருமியைக் கொல்லப் போதாது. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் தண்ணியில கரையறதே அபூர்வம். பக்கெட் மஞ்சளாகும், மனசு நிம்மதியாகும். ஆப்ப சோடா கதை வேற. 2017-ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிள் மேல ரெண்டு பூச்சிக்கொல்லியைத் தடவிச் சோதிச்சுப் பார்த்தாங்க. 1 சதவீத சோடாக் கரைசல்ல 12, 15 நிமிஷம் வெச்சப்போ, மேற்பரப்புல இருந்தது போயிடுச்சு. வெறும் தண்ணியை விட நல்ல ரிசல்ட். கணக்குப்படி லிட்டருக்கு 10 கிராம், சுமார் ரெண்டு டீஸ்பூன். ஆனா தோலுக்குள்ள ஊறிப் போன பங்கை சோடாவாலயும் எடுக்க முடியல. அதுக்குத் தோலைச் சீவணும், சீவினா நார்ச்சத்து கொஞ்சம் போகும். எங்க வீட்ல ஆப்பிளுக்கு மட்டும் சீவுறோம். இது எங்க முடிவு, உங்களுக்கு வேற தோணலாம்.

கார்பைடு பத்தியும் ஒரு வார்த்தை. கால்சியம் கார்பைடு வெச்சுப் பழுக்க வைக்கத் தடை இருக்கு. ஈரம் பட்டா அதுல இருந்து அசிட்டிலீன் வரும், தொழிற்சாலைத் தரத்துல ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரைக்கும் அனுமதி உண்டு. பழம் இயற்கையாவே சுரக்கிற வாயுதான் அது, அதனால "கேஸ் போட்ட பழம்"னு கேட்டதும் அலற வேண்டாம். திராட்சை மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதை எல்லாரும் மருந்துன்னு நினைக்கிறாங்க. அது பெரும்பாலும் பழம் தானே பூசிக்கிற மெழுகு. மருந்து அடிச்சிருந்தா அது கண்ணுக்குத் தெரியணும்னு அவசியமே இல்ல. எப்படியும் கழுவத்தான் போறீங்க, சாப்பிடுறதுக்குச் சற்று முன்னாடி கழுவுங்க. கழுவி ஈரத்தோட ஃப்ரிட்ஜ்ல வெச்சா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

தோலை எப்படியும் தூக்கிப் போடப் போறோம், தர்பூசணியையும் கிர்ணியையும் எதுக்குக் கழுவணும்? கத்திக்காக. 2011-ல அமெரிக்காவுல கொலராடோ பண்ணை ஒண்ணோட கிர்ணி வகைப் பழத்துல லிஸ்டீரியா இருந்து 147 பேருக்கு நோய் வந்தது, 33 பேர் இறந்தாங்க. கிர்ணியோட வலை மாதிரித் தோல்ல கிருமிக்கு இடுக்கு நிறைய. தோல் மேல இறங்குற கத்தி, அங்க இருக்கிறதை சதை வரைக்கும் இழுத்துட்டுப் போகும். 2025 கோடையில தர்பூசணியில சாயம் ஏத்துறாங்கன்னு பயம் பரவி, வியாபாரம் படுத்து, விவசாயிகள் போராட வேண்டி வந்தது. அந்தப் பயத்துல நாலுல ஒரு பங்கு, காலையில வெட்டி சாயங்காலம் வரைக்கும் ரோட்டோரம் இருக்கிற ஃப்ரூட் கப் மேல வந்திருக்கலாம்னு எனக்குத் தோணும். முழுப் பழம் வாங்குங்க. தேங்காய் நார் வெச்சுத் தோலைத் தேய்ச்சுக் கழுவுங்க. மீன், கறி வெட்டின கத்தியும் பலகையும் வேண்டாம். வெட்டினதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்க.

இவ்வளவும் பண்ணிட்டு முழுத் திராட்சையைக் குழந்தை வாயில போட்டா, பண்ணின அத்தனையும் வீண். உருண்டை, வழவழப்பு, அமுக்கினா வடிவம் மாறும், அளவோ குழந்தையோட மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கிற அளவு. நல்ல சீல் டிசைன் பண்ணச் சொன்னா நாமளும் இதைத்தான் வரைவோம். அஞ்சு வயசு வரைக்கும் நீளவாக்குல நாலா வெட்டிக் கொடுங்க. குறுக்க வெட்டினா வட்டம் வட்டமாவே இருக்கும், ஆபத்து குறையாது. பச்சை ஆப்பிள் துண்டு கடினம். சின்னதுங்களுக்குத் துருவியோ, ஆவியில வேக வெச்சோ கொடுக்கலாம். சீத்தாப்பழத்துக்கு ஒவ்வொரு கொட்டையா எடுக்கப் பொறுமை வேணும், வேற வழி இல்ல. சப்போட்டா கொட்டையோட நுனியில சின்னக் கொக்கி இருக்கும், தொண்டையில மாட்டும். நுங்கு வழுக்கிட்டுப் போற வேகத்துக்கு மெல்ல நேரமே கிடைக்காது, தோல் எடுத்து ஸ்பூனால மசிச்சுடுங்க. உட்கார வெச்சு ஊட்டுங்க, ஓடுற குழந்தை பின்னாடி கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போக வேண்டாம். சிக்கிக்கிச்சுன்னா, சத்தமா இருமுற வரைக்கும் இரும விடுங்க. சத்தமே வரலைன்னா 108-க்கு ஒருத்தர் போன் போடட்டும், இன்னொருத்தர் குழந்தையை முன்னால குனிய வெச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல முதுகுல பலமா தட்டணும். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்கிறேன்னு வாய்க்குள்ள விரல் விட்டுத் துழாவினா அது இன்னும் உள்ளதான் போகும்.