எருமை பறக்குமா?

சுட்டிகளே, நாலைந்து பேர் வட்டமாக உட்காருங்கள். ஒருவர் தலைவர். அவர் ‘காகம் பறக்கும்’ என்றால் எல்லோரும் சட்டென்று கையைத் தூக்க வேண்டும். ‘கிளி பறக்கும்’, ‘கொக்கு பறக்கும்’ என்றாலும் தூக்க வேண்டும். நடுவில் திடீரென்று ‘எருமை பறக்கும்’ என்பார். அப்போது கை அசையக் கூடாது. அசைந்தால் அவுட்!

எருமை பறக்காது என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். பிறகு ஏன் கை மேலே போகிறது? அடுத்தடுத்துத் தூக்கிப் பழகிய கை, காது கேட்டு முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. கிளம்பியதைத் தடுப்பது மூளையின் தனி வேலை. விஞ்ஞானிகளும் இதே விளையாட்டைக் கணினித் திரையில் ஆடவைக்கிறார்கள். பச்சை வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு வந்தால் சும்மா இருக்க வேண்டும். எத்தனை முறை தவறினார் என்று கணக்கெடுத்தால் ஒருவரின் அடக்கும் திறன் ஓரளவு தெரிந்துவிடும்.

சைக்கிளில் பெடல் வேறு, பிரேக் வேறு அல்லவா? மூளையிலும் அப்படித்தான். நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதி இருக்கிறது. ‘நிறுத்து’ என்ற ஆணையில் அதன் வலப்பக்கக் கீழ்ப்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆணை மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புத் திரள்களுக்குப் போகிறது. அவை கைக்குப் போகும் கட்டளையை மறித்துவிடுகின்றன. எல்லாம் சுமார் கால் நொடிக்குள்!

சுரங்கத்தில் ஒரு காந்தம்

மண்டையைத் திறக்காமல் இதை எப்படிப் பார்ப்பது? அதற்கு ஜெர்மனியின் எசன் நகருக்குப் போக வேண்டும். அங்கே சோல்ஃபெரைன் என்ற பெரிய நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1986இல் சுரங்கத்தை மூடினார்கள். 1993இல் அதன் கல்கரி ஆலையையும் மூடினார்கள். 2001இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கரி வெட்டிய அந்த வளாகத்தில் இப்போது மூளையைப் படம் பிடிக்கிறார்கள். எர்வின் ஹான் பெயரில் அங்கே ஓர் எம்.ஆர்.ஐ. ஆய்வு நிலையம் இருக்கிறது. 1950இல் ‘சுழல் எதிரொலி’ என்ற காந்த விளைவைக் கண்டறிந்த அமெரிக்க இயற்பியலாளர் அவர்.

மருத்துவமனை ஸ்கேனர்களின் காந்த வலிமை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. இங்கே இருப்பது 7 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்! மூளையில் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இழந்த ரத்தமும் காந்தத்திடம் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். ஸ்கேனர் கவனிப்பது அந்த வேறுபாட்டைத்தான். படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் கணினி பூசிய நிறங்கள்.

மூளையின் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால்? டூயிஸ்பர்க்-எசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மத்தியாஸ் பிராண்டின் குழு, கணினி விளையாட்டைச் சிலரால் ஏன் நிறுத்த முடிவதில்லை என்று ஆராய்கிறது. விளையாட்டின் படத்தைப் பார்த்ததுமே ஆசை எழுகிறது. அந்த ஆசை வளர வளர, அடக்கும் திறன் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம் என்பது 2016இல் அவர்கள் வெளியிட்ட விளக்கத்தின் முக்கியமான பகுதி.

அண்ணனா, தங்கையா?

சரி, வீட்டுச் சண்டைக்கு வருவோம். பிரேக் யாருக்கு நன்றாகப் பிடிக்கிறது, பையன்களுக்கா, பெண்களுக்கா?

2006இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆண்களையும் பெண்களையும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்து இதே போன்ற ஒரு நிறுத்தும் சோதனையை நடத்தினார்கள். ஆண்களின் மூளையில் பல இடங்களில் செயல்பாடு அதிகமாகத் தெரிந்தது. நிறுத்தும் திறனிலோ இரு தரப்பும் சமம்! படம் வேறாக இருந்தால் திறமையும் வேறாக இருக்க வேண்டும் என்பதில்லை.

2011இல் 277 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சிலிர்ப்புக்காக ஆபத்தில் இறங்கும் ஆசை சராசரியாக ஆண்களிடம் கூடுதல். யோசித்து அடக்கும் திறனில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். சிறு பிள்ளைகளிடம் மட்டும் சிறுமியர் முந்துகிறார்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் கொடுத்த மதிப்பெண்கள் காட்டுகின்றன. ‘பெண் பிள்ளை அடக்கமாக இரு’ என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்ப்பதற்கும் அதில் பங்கு இருக்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் மறக்காதீர்கள். சராசரி என்பது கூட்டத்தின் கணக்கு. உங்கள் வகுப்பில் பொறுமைசாலிப் பையன்களும் உண்டு, அவசரக்காரப் பெண்களும் உண்டு.

மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். அதனால் உங்கள் பிரேக் இப்போது அவ்வப்போது வழுக்குவது இயல்பு. தூக்கம் குறைந்தால் இன்னும் வழுக்கும். ஆகவே நன்றாகத் தூங்குங்கள். படிக்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். ‘பையன் என்றால் அப்படித்தான்’ என்று யாராவது சாக்குச் சொன்னால், அறிவியல் அதை ஒப்புக்கொள்ளாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்!