விலையும் கூலியும் – 9: பின்னால் வந்த பணம்

பெங்களூரில் பீன்யா, மைசூர் ரோடு, பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு, 2020 ஏப்ரல் 1 முதல் மாதம் 417 ரூபாய் 60 காசு கூடுதலாக வந்திருக்க வேண்டும். 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 16 ரூபாய். இதைச் சம்பள உயர்வு என்று சொல்வதே தவறு. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறும்போது குறைந்தபட்சக் கூலியோடு சேர வேண்டிய அகவிலைப்படி இது. அரிசி, பருப்பு, வாடகை ஏறியதில் தேய்ந்துபோன கூலியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை.

கொரோனாவைக் காரணம் காட்டி, 2020 ஜூலையில் கர்நாடக அரசு அதை ஓராண்டு தள்ளிவைத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, நிலுவையோடு கொடுக்கச் சொன்னது. அப்போதும் பெரும்பாலான ஆலைகள் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல் என்று ‘ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம்’ என்ற அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டது. வெளிநாட்டு பிராண்டுகள்மீது நெருக்கடி கூடிய பிறகே, 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் பெரிய ஆலைகள் இறங்கிவந்தன.

கூலியை எது முடிவு செய்கிறது என்பதில் சென்ற வாரம் ரிக்கார்டோவையும் மார்க்ஸையும் பார்த்தோம். அவர்களுக்கு மறுப்பாக எழுந்தது அமெரிக்கரான ஜான் பேட்ஸ் கிளார்க் 1899-ல் முன்வைத்த கோட்பாடு. கடைசியாகச் சேரும் தொழிலாளி உற்பத்தியில் எவ்வளவு கூட்டுகிறாரோ அதுவே கூலி. ஒரு முதலாளி அதற்குக் குறைவாகக் கொடுத்தால் பக்கத்து முதலாளி அந்த ஆளை இழுத்துக்கொள்வார் என்பது வாதம். இன்றைக்கும் கல்லூரிகளில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

பெங்களூரில் நடந்ததை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். 417 ரூபாய் 60 காசு கிடைக்காத பெண் அடுத்த ஆலைக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த ஆலையிலும் அது கிடைக்கவில்லை. கூலியை உயர விடாமல் வைத்திருப்பதில் முதலாளிகளுக்குள் பேசாமலே ஓர் உடன்பாடு எப்போதும் உண்டு என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். சந்தைக்கு ஞானத்தந்தை என்று கொண்டாடப்படுபவர் சொன்னது இது!

1933-ல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் முதலாளிகளின் இந்தப் பலத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார். பண்டத்தை விற்பவருக்கு ஏகபோகம் இருப்பதுபோல உழைப்பை வாங்குபவருக்கும் உண்டு. பிள்ளையின் பள்ளிக்கூடம், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய கட்டாயம், கைமாற்றுக் கடன் எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணை நாலு தெருவுக்குள் நிறுத்திவிடுகின்றன. அவர் சுலபமாக விலகிப் போகமாட்டார் என்று தெரிந்த முதலாளி, அவர் ஈட்டித்தருவதைவிடக் குறைவாகவே கொடுக்கலாம். இந்த நிலையில் சட்டம் கூலியை உயர்த்தினால் வேலை குறைந்தே தீரும் என்பதில்லை. நியூ ஜெர்சி துரித உணவகங்களை ஆராய்ந்து பொருளியலாளர்கள் கார்டும் குரூகரும் 1994-ல் வெளியிட்ட முடிவும் அப்படித்தான் இருந்தது. கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது.

முதலாளி தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை ஒதுக்கக் கூடாது. சட்டையின் விலையை வெளிநாட்டு பிராண்டு முடிவு செய்கிறது. இங்கே செலவு கூடினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். தனி ஆலை ஒன்றுக்கு இது உண்மையான பயம்தான். ஆனால் இந்த வாதம் விலையை முதலில் நிறுத்திவிட்டு, மிச்சத்தில் கூலியைத் தேடுகிறது. கூலிக்கும் லாபத்துக்கும் பங்கு பிரியாமல் விலையையே சொல்ல முடியாது என்று 1960-ல் பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபா காட்டினார். அந்தப் பங்கை முடிவு செய்வது கணக்கு மட்டுமல்ல, இரு தரப்பின் பலமும்தான் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

பின்னால் கொடுத்த நிலுவையைக் கவனியுங்கள். அது எப்போதோ தைத்து, விலை பேசி, கப்பலேற்றி, விற்றும் முடிந்த சட்டைகளுக்கான கூலி. அந்த விலையை இனி யாரும் மாற்ற முடியாது. இருந்தும் பணம் வந்தது. ‘கட்டுப்படியாகாது’ என்ற சொல்லை இந்த ஒரு நிகழ்ச்சியே பொய்யாக்குகிறது.

குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாதவருக்கு ஆள் வைக்கும் உரிமையே இல்லை என்று, சென்னையின் ரெப்டகாஸ் பிரெட் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டில் யாராவது ஆலைக்குப் போகிறவர் இருந்தால், அரசு அறிவித்த அகவிலைப்படியையும் அவருடைய சம்பளச் சீட்டையும் இந்த வாரமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.